உயர் மின்னழுத்த இயந்திரத்தில் பல்பை எரிய வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வான் டி கிராஃப் இயந்திரத்தை (ஓடும் பெல்ட் ஒன்றால் மின்னூட்டத்தை மேலே ஏற்றி, இரண்டு லட்சம் வோல்ட் அளவுக்குச் சேர்க்கும் கருவி) ஓடவிட்டு, அதன் உச்சியில் இருக்கும் உலோக உருண்டையிலிருந்து ‘பட்’டென்று ஒரு பொறி பறப்பதைக் காட்டியதும் பார்ப்பவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி, “இதில் ஒரு பல்பு எரியுமா?” என்பதுதான். பல வருடமாக இந்த மாதிரி இயந்திரங்களை வைத்துச் செய்முறை காட்டி வருகிறேன், ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதிலும் சேர்த்திருக்கிறேன். இதில் சில பொருள்கள் விளையாட்டுச் சாமான் மாதிரி, சில ஒரே தொடுதலில் உயிரை எடுத்துவிடும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளம்.

ரெண்டு லட்சம் வோல்ட் வருதுன்னு சொல்றீங்க, ஒரு சாதாரண குண்டு பல்பு கூட எரியாதா?

எரியாது. மங்கலாகக் கூட எரியாது. குண்டு பல்பு எரிய அதன் டங்ஸ்டன் இழை வெள்ளையாகச் சூடேற வேண்டும், அதற்கு மின்னோட்டம் வேண்டும். 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பு சுமார் 0.26 ஆம்பியர் இழுக்கும். மேசை மேல் வைக்கிற வான் டி கிராஃப் தருவது 10 மைக்ரோ ஆம்பியர் அளவு, அதாவது ஒரு ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்கு. பனை உயரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரை வைத்து நீர்ச்சக்கரம் சுற்ற முடியுமா? உயரம் எவ்வளவோ இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். அந்தப் பல்பின் இழைக்குக் குளிர்ந்த நிலையில் சுமார் 60 ஓம் மின்தடை. அதில் 10 மைக்ரோ ஆம்பியர் ஓடினால் பல்பின் இரு முனைகளுக்கு இடையே நிற்கும் அழுத்தம் 0.6 மில்லிவோல்ட், அவ்வளவுதான். இரண்டு லட்சம் வோல்ட் பல்புக்குப் போய்ச் சேர்வதே இல்லை, ஒயரை இணைத்த நொடியே உருண்டையின் அழுத்தம் விழுந்துவிடுகிறது. பல்புக்குக் கிடைக்கும் திறன் 6 நானோவாட், அதற்குத் தேவையானதில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.

அவ்வளவு வோல்ட் இருந்தும் தொட்டவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, எப்படி?

மேலே சொன்ன அதே காரணம்தான். பல்பை எரிய வைக்க முடியாத அந்தப் போதாமைதான் நம்மைக் காப்பாற்றுகிறது. 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருண்டையின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறன், சுமார் 11 பிகோஃபாரட், மிகச் சிறிய அளவு. இரண்டு லட்சம் வோல்ட் ஏறினாலும் அதில் தங்கும் ஆற்றல் 0.2 ஜூலைச் சற்றே தாண்டும். பொறி விழும்போது மின்னோட்டம் ஒரு கணம் பெரிதாகத்தான் பாய்கிறது, ஆனால் இதயம் கவனிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. விரலில் சுரீர் என்று குத்தும், கை தானாக விலகும்.

வீட்டு மின்சாரம் வேறு ரகம், நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அதில் 1 மில்லி ஆம்பியர் உடம்பில் ஓடினால் தெரியும், 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த ஒயரை விட முடியாமல் போகலாம், 100 மில்லி ஆம்பியர் மார்பு வழியாகப் போனால் இதயம் தாளம் தவறி நின்றுவிடலாம். 60 வாட் பல்பின் 0.26 ஆம்பியர் என்பது 260 மில்லி ஆம்பியர். குண்டு பல்பை எரிய வைக்கும் அளவுக்கு உயர் அழுத்தத்திலிருந்து ஓட்டம் எடுக்க முடிகிறது என்றால் அந்த இயந்திரம் ஆளையும் கொல்லும். இதை மட்டும் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் இதைத்தான் திரும்பக் குறிப்பிடப் போகிறேன்.

சரி, அப்போ எந்த பல்புதான் எரியும்?

சூடாகி ஒளி தராமல், வாயு வழியாகவோ குறைக்கடத்தி வழியாகவோ ஒளி தரும் விளக்குகள். ட்யூப்லைட், சின்ன நியான் விளக்கு (டெஸ்டர் ஸ்க்ரூடிரைவருக்குள் ஆரஞ்சு நிறத்தில் மினுக்குமே, அது), தனி எல்இடி. நியானுக்குத் தொடங்குவதற்கு 60 முதல் 90 வோல்ட் வரை வேண்டும், ஆனால் சில மைக்ரோ ஆம்பியர் கிடைத்தாலே இருட்டில் கண்ணுக்குத் தெரிகிற அளவு மினுங்கும். அழுத்தம் நிறைய, ஓட்டம் கொஞ்சம் என்கிற இயந்திரத்துக்கு இவைதான் பொருத்தம்.

ட்யூப்லைட்டை எப்படி வைக்கணும்? கையில பிடிச்சுக்கிட்டே காட்டலாமா?

பலர் கையில் பிடித்தே காட்டுகிறார்கள், சின்ன உருண்டையாக இருந்தால் கொஞ்சம் குத்தும், பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குத்தியதும் கை உதறும், நான்கடி நீளக் கண்ணாடிக் குழாய் கீழே விழும், உள்ளே பாதரசம் இருக்கிறது. உடைந்தால் முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் சிறிது நேரம் வெளியே போய்விட வேண்டும், அப்புறம் தடித்த அட்டையாலும் ஒட்டும் டேப்பாலும் துண்டுகளை எடுக்க வேண்டும், வேக்யூம் கிளீனர் போடவே கூடாது.

நான் செய்வது இப்படி: குழாயை ஒரு பிளாஸ்டிக் தாங்கியில் படுக்க வைத்து, ஒரு முனையின் ஊசிகளை ஒயரால் இயந்திரத்தின் அடிப்பகுதியோடும் எர்த்தோடும் இணைத்துவிடுவேன். இது மோட்டார் நிற்கும்போதே நடக்க வேண்டிய வேலை. மறுமுனை உருண்டையிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். விளக்குகளை அணைத்துவிட்டு மோட்டாரை ஓடவிட்டால், ஒவ்வொரு பொறிக்கும் குழாய் முழுவதும் ஒரு முறை வெளிறிய வெள்ளையாகப் பளிச்சிடும்.

மினுக்கி மினுக்கித்தானே எரியுது, ஏன் நிலையா எரியல?

உருண்டை நிரம்ப வேண்டும், பொறி விழ வேண்டும், மறுபடி நிரம்ப வேண்டும். மேலே சொன்ன 11 பிகோஃபாரடை 10 மைக்ரோ ஆம்பியரால் இரண்டு லட்சம் வோல்ட்டுக்கு ஏற்ற ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கும். அதனால் நொடிக்கு நான்கைந்து முறை பளிச்சிடும், இடைவெளியைக் குறைத்தால் வேகமாக, மங்கலாக. குழாயின் ஊசியை உருண்டையோடு ஒயரால் சேர்த்துவிட்டால் நிலையாக எரியும், ஆனால் மிகமிக மங்கல், இருட்டுக்குக் கண் பழகிய பிறகுதான் தெரியும்.

ஒரு முனையை மட்டும் காட்டினாலே டெஸ்லா காயில்கிட்ட ட்யூப் எரியுதே, சர்க்யூட் முழுசாகலையே?

முழுமையாகத்தான் இருக்கிறது, ஒயர் வடிவில் இல்லை. டெஸ்லா சுருள் (டெஸ்லா காயில்) என்கிற உயர் அழுத்தக் கருவியில் வருவது நொடிக்கு லட்சக்கணக்கான முறை திசை மாறும் மின்சாரம். குழாய்க்கும் தரைக்கும், குழாய்க்கும் உங்கள் கைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு சின்ன கெபாசிட்டராக (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பொருள்) வேலை செய்து அந்தச் சுற்றை மூடிவிடுகிறது. நிக்கோலா டெஸ்லா 1891இல் நியூயார்க்கில் ஒரு சொற்பொழிவில் ஒயரே இல்லாமல் வாயுக் குழாய்களை ஒளிர வைத்துக் காட்டியது இந்த வழியில்தான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சின்ன டெஸ்லா சுருளின் அருகே குழாயை நடுவில் பிடித்துப் பாருங்கள், சுருள் பக்கத்துப் பாதி மட்டும் பிரகாசமாக எரியும், கைக்கு இந்தப் பக்கம் இருட்டாக இருக்கும். கையை நகர்த்தினால் வெளிச்சத்தின் எல்லையும் கூடவே நகரும், ஏனென்றால் ஓட்டம் கண்ணாடி வழியாக உங்கள் கைக்குள் இறங்கி உடம்பு வழியாகத் தரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அழகான காட்சிதான், ஆனால் அந்த எல்லைக்கோடு என்ன சொல்கிறது என்பதையும் யோசியுங்கள்: சர்க்யூட்டில் நீங்களும் ஒரு ஒயர்.

எல்இடியைக் கொண்டுபோனா உடனே செத்துடும்னு சொல்றாங்களே?

பொறி நேராக அதில் விழுந்தால் செத்துவிடும். பொறி விழாமல் ஓட்டத்தை மட்டும் எடுத்தால் ஒன்றும் ஆகாது. ஒரு தையல் ஊசியை உருண்டையைப் பார்த்தபடி ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். கூர்முனை காற்றை அயனியாக்கி மின்னூட்டத்தைப் பொறியில்லாமல் அமைதியாக இழுத்துக்கொள்ளும், காதை வைத்துக் கேட்டால் மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் வரும். ஊசியிலிருந்து எல்இடி, எல்இடியிலிருந்து எர்த். இருட்டில் சிவப்பு எல்இடி ஒரு புள்ளியாகக் கனன்றுகொண்டிருக்கும். உருண்டை நேர்மின்னா எதிர்மின்னா என்று தெரியாவிட்டால் இரண்டு எல்இடிகளை எதிரெதிர்த் திசையில் சேர்த்துக் கட்டிவிடுங்கள், எது எரிகிறதோ அது திசையைச் சொல்லும், எரியாததையும் எரிவது காப்பாற்றும்.

எனக்கு இந்தப் பக்கத்திலேயே மிகவும் பிடித்த விஷயம் இனிமேல் வருவது. ஒரு எல்இடிக்குப் பதில் இருபதைத் தொடராகக் கோத்துப் பாருங்கள். பேட்டரியில் அப்படிச் செய்தால் எல்லாம் அணைந்துபோகும். இங்கே இருபதும் ஒன்று எரிந்த அதே அளவில் எரியும்! வான் டி கிராஃப் ஓட்டத்தைத்தான் மாறாமல் தருகிறது, அழுத்தம் எவ்வளவு கேட்டாலும் ஏற்றிக்கொடுக்கும், இருபது எல்இடிக்கு வேண்டிய நாற்பது வோல்ட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நூறு கோத்தாலும் அப்படியே. உயர் அழுத்தத்தை வைத்து உண்மையிலேயே விளக்கு எரிப்பது என்றால் இந்த வழியைத்தான் நான் சொல்வேன்.

வீட்டு எல்இடி பல்பு, சிஎஃப்எல் இதையெல்லாம் அப்படியே மாட்டலாமா?

வேண்டாம். அவற்றின் அடிப்பாகத்தில் 230 வோல்ட்டுக்கென்று கட்டிய எலெக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கிறது, ஒரு பொறியில் போய்விடும். சிஎஃப்எல்லின் கண்ணாடிப் பகுதியை மட்டும் அருகே காட்டினால் ட்யூப்லைட் மாதிரியே மினுக்கும். அதற்கு உயிரோடு இருக்கும் சிஎஃப்எல் கூட வேண்டாம், சர்க்யூட் போய்விட்டதென்று ஒதுக்கி வைத்தது போதும், கண்ணாடி உடையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டம்தானே பத்தலை, கெபாசிட்டர்ல சேர்த்து வச்சு ஒரேயடியா விட்டா பல்பு எரியுமே?

யோசனை தர்க்கமாகத்தான் இருக்கிறது, ஆபத்து தொடங்கும் இடமும் இதுதான். 60 வாட் பல்பை ஒரு நொடி எரிக்க 60 ஜூல் வேண்டும். அதை உயர் அழுத்தத்தில் சேர்த்து வைத்தால் அந்தப் பெட்டி ஒரு ஆளைக் கொல்லப் போதுமானது. விம்ஷர்ஸ்ட் இயந்திரத்தோடு (வட்டத் தகடுகளைச் சுழற்றி உயர் அழுத்தம் உண்டாக்கும் கருவி) வரும் இரண்டு சின்ன லேடன் ஜாடிகளையே (கண்ணாடி ஜாடி வடிவக் கெபாசிட்டர்) நான் மரியாதையோடுதான் தொடுவேன். 1 நானோஃபாரட் ஜாடியில் 50,000 வோல்ட் ஏறினால் 1.25 ஜூல், வான் டி கிராஃப் பொறியைப் போல ஐந்து ஆறு மடங்கு. தோள்பட்டை வரை உதறும்.

ஒருமுறை ஜாடிகளை முறைப்படி இறக்கிவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடைத்து வைக்க எடுத்தபோது கையில் அடித்தது. கண்ணாடிக்குள் ஊறியிருந்த மின்னூட்டம் மெல்ல வெளியே வந்து தகடுகளில் மறுபடி சேர்ந்திருந்தது, எல்லாக் கெபாசிட்டரிலும் கொஞ்சமாவது இப்படி நடக்கும். அன்றிலிருந்து இறக்கியதும் இரு முனைகளையும் ஒரு ஒயரால் கட்டி, கட்டிய நிலையிலேயேதான் அலமாரியில் வைக்கிறேன். மேசை மேல் வைக்கும் செய்முறையில் மொத்தமாக 1 ஜூலுக்கு மேல் சேர்க்க மாட்டேன், இது நானாக வைத்துக்கொண்ட எல்லை.

ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்ட்டைக் குறைச்சு ஆம்பியரை ஏத்தலாமே?

ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் வேண்டும், வான் டி கிராஃப்பும் விம்ஷர்ஸ்டும் தருவது ஒரே திசை. பொறி இடைவெளி ஒன்றை வைத்துத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பலாம், ஆனால் லட்சம் வோல்ட்டைத் தாங்கும் சுற்றுக்கு இன்சுலேஷன் செய்வது லேசில் முடியாது, உள்ளேயே பொறி தாவிவிடும். சரி, எல்லாம் நஷ்டமில்லாமல் நடந்தது என்றே வைத்துக்கொள்வோம், 2 லட்சம் வோல்ட் பெருக்கல் 10 மைக்ரோ ஆம்பியர், மொத்தம் 2 வாட். அந்த 2 வாட்டுக்காக மோட்டாரில் அதைவிடப் பல மடங்கு செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

மைக்ரோவேவ் ஓவன்ல இருந்து கழட்டின ட்ரான்ஸ்ஃபார்மர் என்கிட்ட இருக்கு, அதுல வெறும் ரெண்டாயிரம் வோல்ட்தானே?

தயவுசெய்து வேண்டாம். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. “வெறும்” என்கிற அந்த வார்த்தைதான் ஆளைக் கொல்கிறது. இரண்டாவது பதிலை மறுபடி படியுங்கள். இரண்டு லட்சம் வோல்ட் வான் டி கிராஃப் தருவது மைக்ரோ ஆம்பியர், இந்த ட்ரான்ஸ்ஃபார்மர் அந்த இரண்டாயிரம் வோல்ட்டில் பல நூறு மில்லி ஆம்பியர் தரும், நிற்காமல் தரும், தொட்டவரைக் கை உதறவும் விடாது. மரத்தில் மின்னல் கோலம் எரிப்பதற்காக இதைப் பயன்படுத்திப் பல பேர் இறந்திருக்கிறார்கள். நியான் பெயர்ப்பலகைக்கான பழைய ட்ரான்ஸ்ஃபார்மரும் (15,000 வோல்ட், 30 மில்லி ஆம்பியர் என்று மேலே எழுதியிருக்கும்) அதே வரிசைதான்.

குண்டு பல்பை டெஸ்லா காயில் மேல வச்சா உள்ள ஊதா நிறத்துல நெளியுதே, அது ஆபத்தில்லையே?

அங்கே எரிவது இழை கிடையாது, பல்புக்குள் இருக்கும் ஆர்கான், நைட்ரஜன் வாயு. விரலை வைக்கும் இடத்தை நோக்கி ஊதாக் கொடி ஓடி வரும். அந்த இடத்தில் கண்ணாடி சூடேறி விரிசல் விடலாம், விரலும் சுடும், அதனால் தொடாமல் பார்ப்பதே நல்லது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. குறைந்த வாட் பல்புகள் சிலவற்றிலும் பழைய ரேடியோ வால்வுகளிலும் வாயு இருக்காது, வெற்றிடம்தான். வெற்றிடக் குழாயில் பல பத்தாயிரம் வோல்ட் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் வேகமெடுத்துப் போய் மோதும் இடத்தில் எக்ஸ்ரே பிறக்கும். ராண்ட்ஜென் 1895இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததே காற்று நீக்கிய குழாயில் உயர் அழுத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான். ஊதா நெளிவு வராமல், கண்ணாடிச் சுவர் மட்டும் பச்சையாகவோ நீலமாகவோ மினுங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

ஹை ஃப்ரீக்வென்சி கரண்ட் தோல் மேலேயே ஓடிடும், உள்ள போகாதுன்னு படிச்சேனே?

செம்புக் கம்பியில் அப்படித்தான். மனித உடம்பு செம்பு கிடையாது. நம் தசையின் கடத்தும் திறனுக்கு, நொடிக்கு 2 லட்சம் அதிர்வு உள்ள மின்சாரம் ஒரு மீட்டருக்கு மேல் ஊடுருவும், ஆகவே உடம்பு முழுக்கப் போகும். வலி தெரியாததற்குக் காரணம் நரம்புகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாததுதான். வலி இல்லாததால் காயம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே திசு வெந்துகொண்டிருக்கலாம், புண் பிறகுதான் தெரியும்.

உண்மையிலேயே எத்தனை வோல்ட் வருதுன்னு மல்டிமீட்டர்ல பார்க்கலாமா?

கூடாது. சாதாரண மீட்டர் தாங்குவது 600 அல்லது 1000 வோல்ட், அதற்கு மேல் பொறி அதற்குள்ளேயே பாயும், பிடித்திருக்கும் கைக்கும் பாயலாம். ஒரு அளவுகோல் போதும்: வழவழப்பான இரண்டு உருண்டைகளுக்கு நடுவே பொறி தாண்டும் தூரத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 30,000 வோல்ட். தூரம் கூடக் கூடக் கணக்கு சற்று விலகும், ஆனாலும் ஐந்து சென்டிமீட்டர் தாண்டினால் ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம் என்று சொல்லலாம்.

யாரெல்லாம் பக்கத்துல வரக்கூடாது?

பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்கள் அறைக்கு வெளியே. நான் தொடங்குவதற்கு முன் இதைச் சத்தமாகக் கேட்டுவிடுவேன், சிலர் எல்லோர் முன்னாலும் சொல்லத் தயங்குவார்கள், அதனால் காரணம் சொல்லாமல் வெளியே போகலாம் என்றும் சொல்லிவிடுவேன். போன், லேப்டாப் எல்லாம் சில மீட்டர் தள்ளி. பெட்ரோல், ஸ்பிரிட் மாதிரிப் பற்றும் பொருள்கள் அறையிலேயே இருக்கக் கூடாது. நீண்ட நேரம் ஓடினால் ஓசோன் வாடை வரும், அது மூச்சுக்கு நல்லதில்லை, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இன்சுலேட்டர் பலகை மேல் ஆளை நிற்க வைத்து முடியைச் சிலிர்க்க வைக்கிறீர்களா? மனித உடம்பின் மின்தேக்குத்திறன் சுமார் 100 பிகோஃபாரட், உருண்டையைப் போல ஒன்பது மடங்கு. அதனால் அவரிடமிருந்து வரும் பொறி உருண்டையின் பொறியை விட வலிக்கும். மோட்டாரை நிறுத்தி, உருண்டையை எர்த் கோலால் (அடுத்த பதிலில் சொல்லியிருக்கிறேன்) தொட்டு, அதன் பிறகே அவர் கீழே இறங்க வேண்டும்.

மெஷினை ஆஃப் பண்ணிட்டா உடனே கை வைக்கலாமா?

ஸ்விட்சை நிறுத்தினாலும் உருண்டையில் மின்னூட்டம் அப்படியே நிற்கும். நீண்ட பிளாஸ்டிக் கைப்பிடியின் நுனியில் உலோக உருண்டை, அதிலிருந்து எர்த்துக்கு ஒயர், இதுதான் எர்த் கோல். முதலில் ஒயரை எர்த்தில் மாட்ட வேண்டும், அப்புறம் கோலை நீட்ட வேண்டும். வரிசை மாறினால் எர்த்துக்கான வழி உங்கள் உடம்பாகிவிடும். ஒருமுறை தொட்டு எடுக்காமல் அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு இணைப்புகளை மாற்றுங்கள், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

எல்லாம் சரியா செஞ்சும் மழை நாள்ல ஒண்ணுமே வரலையே?

ஈரம். பெல்ட்டின் மேலும் தூணின் மேலும் படிந்த ஈரம் வழியாக மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. ஹேர் டிரையரால் ஐந்து நிமிடம் காய வைத்துத் தூசியைத் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

ஹை டென்ஷன் லைனுக்குக் கீழ ட்யூப்லைட் தானா எரியும்னு சொல்றாங்களே, போய்ப் பார்க்கலாமா?

எரிவது உண்மைதான். 2004இல் ரிச்சர்ட் பாக்ஸ் என்ற கலைஞர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்தில் மின்கம்பிகளுக்குக் கீழே 1301 ட்யூப்லைட்டுகளைத் தரையில் நட்டு வைத்தார், எல்லாம் இரவில் ஒயர் இல்லாமல் ஒளிர்ந்தன. கம்பிக்கும் தரைக்கும் நடுவே ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சில ஆயிரம் வோல்ட் வித்தியாசம் இருக்கிறது, அது போதும். ஆனால் அங்கே பின்னால் நிற்பது வான் டி கிராஃப் இல்லை, ஒரு மின் நிலையம். நீளமான எதையும் தூக்கிக்கொண்டு அந்தக் கம்பிகளுக்குக் கீழே போகாதீர்கள், தொடக்கூட வேண்டாம், போதுமான அளவு நெருங்கினாலே பாய்ந்துவிடும்.

மெஷினே இல்லாம வீட்டுல ஏதாவது பார்க்க முடியுமா?

முடியும். எதிலும் மாட்டாத, நன்றாகக் காய்ந்த ட்யூப்லைட் ஒன்றை எடுத்து, அறையை முழுக்க இருட்டாக்கி, கண் பழகப் பத்து நிமிடம் பொறுங்கள். அப்புறம் உலர்ந்த கம்பளித் துணியால் குழாயை மெதுவாக, அழுத்தாமல் தேயுங்கள். 1675இல் ழான் பிக்கார் பாரிஸில் இருட்டில் பாரோமீட்டரை (காற்றழுத்தம் அளக்கும் பாதரசக் கண்ணாடிக் குழாய்) தூக்கிக்கொண்டு போனபோது, பாதரசம் குலுங்கக் குலுங்க அதன் மேலே இருந்த வெற்றிடம் மினுங்கியதைப் பார்த்தார். பின்பு 1700களின் தொடக்கத்தில் ஃபிரான்சிஸ் ஹாக்ஸ்பீ காற்று நீக்கிய கண்ணாடி உருண்டையைச் சுழலவிட்டுக் கையால் தேய்த்து, பெரிய எழுத்துகளைப் படிக்கும் அளவுக்கு வெளிச்சம் உண்டாக்கினார். உங்கள் குழாயிலும் துணி போகும் பக்கமெல்லாம் சாம்பல் வெள்ளையாக ஒரு மினுக்கம் கூடவே ஓடும். துணியை நிறுத்தியதும் அதுவும் நின்றுவிடும்.